நாலு ரிமோட்டும் ஒரு ராஜாமணியும்

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புது டிவி வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் தெர்மக்கோல் வாசனையும் புது பிளாஸ்டிக் வாசனையும் கூடமெல்லாம் பரவின. மாட்ட வந்தவர் சுவரில் நாலு ஓட்டை போட்டு, திருகி, ஆட்டிப் பார்த்துவிட்டு, விரல் நீளத்தில் ஒரு ரிமோட்டை என் கையில் கொடுத்தார். பத்துப் பொத்தான்கூடத் தேறாது. "இதுகூட வேண்டீதில்லைங்க சார். வாயில சொன்னாப் போதும், அதுவே போட்டுக்கும்" என்றார். என் மகள் சொன்னாள். அது போட்டுக்கொண்டது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் லேசாக ஏமாற்றம். செட்டிங் செய்ய ஒன்றுமே மிச்சம் வைக்காத ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு மனுஷன் என்னதான் செய்வது?

தெர்மக்கோல் வாசனை எனக்கு எப்போதுமே இருபத்து நாலு வயதின் வாசனை. அப்போது நான் கணபதியில் ஒரு பம்புக் கம்பெனியில் சர்வீஸ் பிரிவில் இருந்தேன். இன்றைக்கு அன்னூர், நாளைக்குப் பல்லடம் என்று தோட்டம் தோட்டமாகப் போய், தண்ணீர் இறைக்காத மோட்டாரை இறைக்க வைப்பது வேலை. சிங்காநல்லூர்ப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அம்மா இருபத்திரண்டு வருடம் நூல் மில்லில், நூலைக் கோனில் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்தவள். மில்லை மூடிய பிறகு வீட்டோடு இருந்தாள்.

அந்த ஓட்டு வீட்டுக்குள்தான் நான் ஒரு சினிமா கொட்டகையையே கட்டினேன். கொஞ்சம் மிகைதான், ஆனால் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய டிவி, கேபிள்காரர் தந்த பெட்டி, டிவிடி பிளேயர், காந்திபுரத்தில் ஒருவர் தன் கையால் பொருத்திக் கொடுத்த ஆம்ப்ளிஃபயர், மூலைக்கொன்றாக ஸ்பீக்கர்கள். ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் காப்பி கொடுப்பதற்கு முன்னால் உட்காரவைத்து மழைச் சத்தமும் ரயில் சத்தமும் போட்டுக் காட்டுவேன். பாவம், காப்பிக்காகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இத்தனைக்கும் சேர்த்து நாலு ரிமோட். எதை முதலில் அமுக்க வேண்டும், எதற்குப் பிறகு எது என்பதெல்லாம் எனக்கு மட்டுமே தெரிந்த மந்திரம். அம்மாவுக்காகப் பதினோரு படிகள் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். அம்மா தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். ரிமோட்டில் இருப்பதோ இங்கிலீஷ். இந்தச் சின்ன விஷயம் சர்வீஸ் இன்ஜினியருக்குத் தோன்றவில்லை.

ஒரு தடவை சென்னிமலைப் பக்கம் போர்வெல் வேலைக்குப் போய் நாலு நாள் தங்கும்படி ஆகிவிட்டது. வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். திரையில் படமும் இல்லை, சத்தமும் இல்லை. வெறும் நீலம். என்னைப் பார்த்ததும் தப்புச் செய்தவள் மாதிரி எழுந்து நின்றாள்.

"எதையோ அமுக்கிப்போட்டேன் கண்ணு. திங்கக்கெழமைல இருந்து இப்பிடித்தான் நிக்குது."

நிறுத்தினால் மறுபடி உயிர் வராமலே போய்விடுமோ என்று பயந்து நாலு நாளும் அதை அணைக்காமல் வைத்திருக்கிறாள். தூங்கும்போது மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியிருக்கிறாள். பக்கத்து வீட்டுச் சாந்தாமணி அக்காவைக் கூப்பிடக் கூடாதா என்று கேட்டேன். மகன் ஆசையாக வாங்கிய பொருளைக் கெடுத்துவிட்டாள் என்று தெரு பேசுமே என்றாள். ஒரே ஒரு பொத்தான்தான் மாறியிருந்தது. நான் அமுக்கியதும் படம் வந்தது. அம்மா வெங்காயத் தோலை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.  தெருத்தெருவாகப் போய் அடுத்தவர் மோட்டாரை ஓடவைத்துவிட்டு, பெற்றவளை நீலத் திரைக்கு முன்னால் உட்காரவைத்திருந்தேன்.

மறுநாளே ஒப்பணக்காரத் தெருவுக்குப் பின்னால் இருந்த சந்துக்குப் போனேன். அங்கே சுலைமான் பாய் கடை. ஆளுயரக் கண்ணாடி அலமாரி முழுக்க ரிமோட்டுகளைப் பாலித்தீன் உறையோடு தொங்கவிட்டிருப்பார். என் கதையைக் கேட்டுவிட்டு, நாலையும் ஒன்றாக்கும் யுனிவர்சல் ரிமோட் ஒன்றை எடுத்து வைத்தார். கூடவே தீப்பெட்டி அகலத்தில் ஒரு புத்தகம். அதில் கம்பெனிப் பெயர்களும் ஒவ்வொன்றுக்கும் வரிசையாக நம்பர்களும். "புக்குல இருந்தா ரெண்டு நிமிசம் தம்பி. இல்லைன்னா பொறுமை வேணும்" என்றார். பொறுமை எனக்கு நிறைய உண்டு என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

டிவியும் கேபிள் பெட்டியும் டிவிடியும் சொன்ன பேச்சைக் கேட்டன. நம்பரைப் போட்டதும் ரிமோட்டின் தலையில் சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டி அணையும், அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயர்தான் அடம்பிடித்தது. காந்திபுரத்துக்காரர் பொருத்தியதற்குக் கம்பெனி ஏது, புத்தகத்தில் பெயர் ஏது? அதற்கு ஒரே வழி தேடுவது. ரிமோட்டை ஆம்ப்ளிஃபயருக்கு நேராக நீட்டி ஒரே பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரு நம்பர் போகும். சரியான நம்பர் போனதும் ஆம்ப்ளிஃபயர் அணையும். அந்த இடத்தில் சட்டென்று நிறுத்தி, செட் பொத்தானை அமுக்கி நம்பரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்று தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். கட்டைவிரல் வீங்கியது. இரண்டு தடவை ஆம்ப்ளிஃபயர் அணையத்தான் செய்தது. ஆனால் அணைந்ததை மூளை உணர்வதற்குள் விரல் இன்னொரு அமுக்கு அமுக்கிவிடும். இரண்டாவது ஞாயிறு பொழுது சாயும்போது, இந்த ரிமோட்டே கோளாறு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்துபோனேன். அம்மா வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மறுநாள் வேலை முடிந்து வண்டியில் தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்டது. என் ஸ்பீக்கர்களின் சத்தம் எனக்குத் தெரியாதா? வீட்டுக்குள் போனால் அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், கையில் அந்த ஒற்றை ரிமோட். என்னைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு கூட்டினாள். மறுபடி குறைத்தாள். நான் வாயைப் பிளந்து நிற்பதைக் கொஞ்ச நேரம் அனுபவித்துவிட்டுத்தான் பேசினாள்.

"நீ ரிமோட்டயே பாத்துட்டு அமுக்குற கண்ணு. பாக்க வேண்டீது அந்தப் பெட்டி வெளக்கைல்ல? மில்லுல நூல் அறுந்தா கை தானா நிக்கோணும். அதே மாதிரிதான்."

முந்நூற்றுப் பதினாலாவது அமுக்கில் விளக்கு அணைந்ததாம். எண்ணியிருக்கிறாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்துப் பத்தாகக் கோடு போட்டு வைத்திருந்தாள். அதோடு விடவில்லை. தன் ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து சிவப்பை எடுத்து முதலில் அமுக்கும் பொத்தானிலும், பச்சையை அடுத்ததிலும், கறுப்பைச் சத்தத்துக்கும் ஒட்டியிருந்தாள். என்னுடைய பதினோரு படிகளை அன்றே கிழித்தேன். மூன்று பொட்டுக்கு முன்னால் அதற்கு என்ன மரியாதை?

சாந்தாமணி அக்கா மூலம் செய்தி பரவியது. ரிமோட் கீழே விழுந்து உடைந்தவர்கள், குழந்தை வாயில் வைத்துக் கெடுத்தவர்கள், கேபிள் பெட்டி மாறியவர்கள் எல்லோரும் சுலைமான் பாய் கடையில் ஒரு யுனிவர்சல் ரிமோட் வாங்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தார்கள். அம்மா பொட்டு அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்புவாள். இங்கிலீஷ் கம்பெனிப் பெயரைப் புத்தகத்தில் தேடித் தர மட்டும் சில சமயம் நான் கூடப் போவேன். ஒரு காலத்தில் எங்கள் வீட்டு சர்வீஸ் ஆள் நான்தான் என்பதே எனக்கு மறந்துபோனது.

அப்படி ஒரு நாள் காலையில் ஆள் வந்தது, இரண்டு தெரு தள்ளியிருந்த நாயுடு மாஸ்டர் வீட்டிலிருந்து. என் அம்மா வேலை செய்த மில்லில் மேற்பார்வை செய்யும் வைண்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது பெரிய ஹோம் தியேட்டர் வைத்துக்கொடுத்திருந்தான். டிவியின் சத்தமெல்லாம் அது வழியாகத்தான் வரும். அதன் ரிமோட் தொலைந்து ஒரு மாதமாக மாஸ்டர் சத்தமில்லாத டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் இரண்டு தடவை வந்து கையை விரித்துவிட்டுப் போயிருந்தார்.

அம்மா போவதற்குத் தயங்கினாள். மில்லில் அவர் எதிரே வந்தாலே தலை குனிந்து பேச்சை நிறுத்திவிடுவார்களாம். அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்த மிஷினில் நிற்கிறார்களோ அந்த நம்பர்தான் பெயர். அம்மா இருபத்திரண்டு வருடமும் அவருக்கு 'ஏழாம் நம்பரு'. நான் மட்டும் போய்வருகிறேன் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உனக்கு அந்த நம்பரைப் பிடிக்க வராது என்று சொல்லிச் சேலை மாற்றிக்கொண்டாள்.

பெரிய கூடம். மாஸ்டர் மெலிந்துபோயிருந்தார். திரையில் ஒரு பெண் சத்தமில்லாமல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் கீழே ஓடும் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். அம்மா நின்றபடியே ரிமோட்டை வாங்கினாள். அவர் பக்கத்து நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க" என்றார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள், என்னிடம் சொல்கிறாரோ என்று. பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

புத்தகத்திலிருந்த நம்பர்கள் ஒன்றும் ஒத்துவரவில்லை. அம்மா தேட ஆரம்பித்தாள். அந்தக் கூடத்தில் பொத்தான் அமுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் கண் ஹோம் தியேட்டரின் சின்ன நீல விளக்கைவிட்டு நகரவேயில்லை. அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். மாஸ்டரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு அணைந்தது. அம்மாவின் விரல் அந்தரத்தில் நின்றது. செட்டை அமுக்கினாள், மறுபடி போட்டாள். செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் கூடம் அதிர வந்து விழுந்தது. மாஸ்டர் திடுக்கிட்டுச் சிரித்துவிட்டார். அம்மா பொட்டு அட்டையை எடுத்து, சிவப்பு எது, பச்சை எது, கறுப்பு எது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். பிறகுதான் அவளை நிதானமாகப் பார்த்தார்.

"நீங்க நம்ம வைண்டிங்ல இருந்தவங்கதானுங்களே? ஏழாம் நம்பர் மிஷினு."

"ஆமாங்க."

"பேரு என்னங்க?"

"ராஜாமணிங்க."

அவர் அந்தப் பெயரைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவருடைய மனைவி காப்பி கொண்டுவந்தபோது, "ராஜாமணி வந்துதான் பேச வெச்சாங்க" என்றார்.  அம்மா காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு, வாரேனுங்க என்று சொல்லி எழுந்தாள். தெருமுனை தாண்டிய பிறகு, "பேரு கேட்டாரு கண்ணு" என்றாள். அவ்வளவுதான். ஆனால் வீடு வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாள், வழக்கத்தைவிட வேகமாக.

மாஸ்டர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அந்த வீட்டை இடித்து நாலு மாடி எழுப்பிவிட்டார்கள். மில் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. பாய் கடைச் சந்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். நம்பர் புத்தகம் என்று ஒன்று இருந்தது என்றால் என் மகள் நம்ப மாட்டேன் என்கிறாள். எங்கள் தெருவில் இன்று எந்த வீட்டு டிவி மக்கர் செய்தாலும் அவரவர் போனிலேயே பார்த்துச் சரிசெய்துகொள்கிறார்கள். கேட்டுக்கு வெளியே நின்று, "ஏனுங், அம்மா இருக்காங்களா?" என்று கூப்பிடும் குரல் நின்றுபோய் வெகுநாளாகிவிட்டது. அம்மா உள்ளேதான் இருக்கிறாள்.