ஒரு அத்தாப்பு தைக்கிற நேரம்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல, மலாயாவுல லிங்கி ஆத்தை ஒட்டி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துல நடந்தது இது. எனக்கு அப்போ கல்யாணமாகி வருஷம் திரும்பல. வீட்டுல நான், என் சம்சாரம், அவளோட அண்ணன்னு மூணே பேரு. அவ வயித்துல பிள்ளை. நான் சுருட்டை விட்ட கதையத்தான் சொல்லப் போறேன். இதெல்லாம் ஒரு அனுபவமான்னு சிரிக்காதீங்க. அந்தச் சுருட்டு எங்க ரெண்டு ஆம்பிளைங்களையும் சயாமுக்கு ஏத்தி விட்டிருக்கும், தெரியுமா?

மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடியே எனக்குப் புகை பழகிப் போச்சு. விடியக் காலையில வாயில பீடி இல்லாம ஒரு மரத்துலயும் நான் கத்தி வச்சதில்ல. சண்டை வந்ததும் கப்பல் நின்னுச்சு, பீடிக்கட்டும் நின்னுச்சு. அரிசியையே கண்ணால பாக்க முடியல, மூணு வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். ஆனா நான் விட்டேனா? நாங்க குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால புகையிலைச் செடி வச்சேன். இலையைக் காய வச்சு, நிப்பா குருத்துல சுருட்டி இழுத்தேன். நிப்பான்னா ஆத்தோரச் சேத்துல வளர்ற மரம், தென்னைக்குக் குட்டைத் தம்பி மாதிரி இருக்கும். வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில கட்டிக்கிற ஆளு நான், என்ன செய்யறது.

அப்போதான் சயாம்ல ரயில் பாதை போடறதுக்கு ஆள் பிடிக்க ஆரம்பிச்சாங்க. முதல்ல நல்ல சம்பளம், கொஞ்ச நாள் வேலைன்னு சொன்னாங்க. நம்பி சில பேரு போனாங்க. போனவங்ககிட்ட இருந்து ஒரு சேதியும் வரல. அப்புறம் லாரி நேரா தோட்டத்துக்கே வந்துச்சு. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு ஆளுங்க வரிசையா நிக்கிற நேரமாப் பாத்து வந்து, கை கால் திடமா இருக்கிறவனையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க. தாலி கட்டிக்கிட்டவ அலறிக்கிட்டே லாரி பின்னால ஓடுறதை நான் என் கண்ணாலயே பாத்தேன்.

அதனால நானும் மச்சானும் பெரட்டுக்கு முன்னாடியே கிளம்பி ஆத்தோர நிப்பா காட்டுக்குள்ள போயிடுவோம். எங்களை வேலை வாங்குற மண்டோர் நல்ல மனுசன், எங்க பேரைக் கேட்டா காய்ச்சல்னு சொல்லிடுவாரு. முட்டி வரைக்கும் சேறு, கொசு, நண்டு. ஓலை மட்டையைப் போட்டு ஒரு பரண் மாதிரி செஞ்சு அதுல உக்காந்திருப்போம். இருட்டினதும் வீடு. மச்சான் சும்மா இருக்க மாட்டான். அந்த நிப்பா ஓலையை மூங்கில் சிம்பு மேல மடிச்சு, பிரம்பு நாரால தச்சு, கூரைக்குப் போடற அத்தாப்பு செய்வான். நான் சுருட்டு குடிச்சுக்கிட்டு வேடிக்கை பாப்பேன்.

ஒரு நாள் காத்தே இல்ல. நான் இழுத்து விட்ட புகை ஓலைக்கு மேல போயி அப்படியே நின்னுடுச்சு. ஆத்துல ஒரு மலாய்க்காரர் சம்பான் படகுல வந்தாரு. எங்க பக்கம் திரும்பக்கூட இல்ல, தனக்குத்தானே பேசிக்கிற மாதிரி, "அசாப் நம்பாக், பாங்"னாரு. புகை தெரியுதாம். வளைவுல சோல்ஜர்ங்க நிக்கிறாங்கன்னும் மெதுவாச் சொல்லிட்டு, துடுப்பு போட்டுப் போயிட்டாரு. அவரு யாரு, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது. அன்னிக்கு அவரு வாயை மூடிக்கிட்டுப் போயிருந்தா எங்க ரெண்டு பேரையும் அன்னிக்கே லாரியில ஏத்தியிருப்பாங்க.

மச்சான் எட்டிப் பாஞ்சான். என் இடுப்புல இருந்த புகையிலைப் பொட்டலத்தை உருவி ஆத்துல வீசிட்டான். நான் அவன் சட்டையைப் பிடிச்சுட்டேன். அவன் அப்பவும் கத்தல. நாளையிலிருந்து இந்தக் காட்டுக்கு நீ வர்றியா, உன் சுருட்டு வருதான்னு முடிவு பண்ணிக்கோன்னு மட்டும் சொன்னான்.

சரி, ரோஷம் வந்துடுச்சு. அன்னிக்குச் சாயங்காலமே மாரியம்மன் கோயில்ல கற்பூரத்தை ஏத்தி, அதை அடிச்சு அணைச்சு, இனி உயிர் போற வரைக்கும் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணேன். அதுதான் நான் செஞ்ச பெரிய முட்டாள்தனம். கற்பூரம் அடிச்சுச் சொன்ன சத்தியம் தவறினா குடும்பத்துக்கு ஆகாதுன்னு எங்க ஆளுங்களுக்கெல்லாம் பயம். மறுநாளே எனக்கு ஆட்டம் கண்டுடுச்சு. கை நடுங்குது, உள்ளங்கை வேர்க்குது, நெஞ்சு உடுக்கை மாதிரி அடிக்குது. ஓலை அசைஞ்சா லாரின்னு தோணுது, நண்டு ஓடினா பூட்ஸ்னு தோணுது. கண்ணை மூடினா சுருட்டு குடிக்கிற கனா. ஒரு நாளையே தள்ள முடியாதவன் உயிர் போற வரைக்கும் எப்படித் தள்ளுவேன்னு நினைச்சு நினைச்சே பாதி செத்தேன்.

போதாக்குறைக்கு இருமல். குடிக்கிறப்பகூட அவ்வளவு இருமல் வந்ததில்ல. விட்டதும் நெஞ்சைப் பிளந்துக்கிட்டு சளியா வருது. ஒளிஞ்சிருக்கிறவங்களுக்கு இருமல்தான் முதல் எதிரி, வாயில துணியை அடைச்சுக்கிட்டு இருமினேன். விட்டதாலதான் இந்த வியாதி, பேசாம ஒண்ணு இழுத்தா சரியாப் போயிடும்னு மனசு நல்லா வக்கீல் மாதிரி வாதாடுச்சு. கடைசியில ஒரு சாயங்காலம், தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி வீட்டு ஓரமாக் கிடந்த ஒரு துண்டுச் சிகரெட்டைப் பொறுக்கிப் பத்த வச்சுட்டேன்.

ரெண்டு இழுப்புதான். அதுக்கப்புறம் வந்த பயம் இருக்கே, அதைச் சொல்லி முடியாது. சத்தியம் போச்சு, பிள்ளைக்கு ஏதாவது ஆயிடும்னு வீட்டு வாசல்லயே உக்காந்து அழுதேன். என் சம்சாரம் விசாரிச்சா. சொன்னேன். அவ திட்டுவான்னு பாத்தா, பெருமூச்சு விட்டுட்டு, "ஊரே பத்தி எரியுது. ஆத்தாவுக்கு உங்க சுருட்டை எண்ணிக்கிட்டு இருக்கிறதுதான் வேலையா? சாமியை இதுல இழுக்காதீங்க. காலையில எழுந்து அண்ணன்கூடப் போங்க"ன்னா. அவ வயித்துல கை வச்சுக்கிட்டு அப்படிச் சொன்னதும் எனக்குப் பாதி பாரம் குறைஞ்சுடுச்சு.

மீதிப் பாரம் குறையல. லாரியில தானா வந்து ஏறுறவனுக்குச் சிகரெட் பாக்கெட் குடுக்கிறாங்கன்னு தோட்டத்துல ஒரு பேச்சு. உண்மையா பொய்யா தெரியாது. ஒரு நாள் காட்டுக்குள்ள உக்காந்திருக்கிறப்ப அந்த நினைப்பு பிடிச்சுக்கிச்சு. எப்படியும் ஒரு நாள் பிடிக்கத்தான் போறாங்க, இப்படிப் பயந்து பயந்து சாகிறதுக்கு நாமளே போயி ஏறிட்டா ஒரு சிகரெட்டாவது மிஞ்சும்னு தோணுச்சு. பைத்தியக்காரத்தனம்தான். ஆனா அந்த நேரத்துல அது ரொம்ப நியாயமா இருந்துச்சு. எழுந்து காட்டோரத்து வரப்பு வரைக்கும் நடந்துட்டேன்.

மச்சான் ஓடி வந்து பிடிப்பான்னு நினைச்சேன். அவன் இருந்த இடத்திலேயே இருந்துக்கிட்டு, "போறதுன்னா போ மாப்ள. இந்த ஒரு அத்தாப்பைப் பிடிச்சுக் குடுத்துட்டுப் போ. ஒத்தக் கையில நார் இழுக்க முடியல"ன்னான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. ஒருத்தன் சாகப் போறேன்னு கிளம்புறான், இவனுக்குக் கூரை ஓலை பெருசா இருக்கு. அந்தக் கோபத்திலேயே வந்து உக்காந்து ஓலையை மடிச்சேன். நடுங்குற கையில நாரைக் கோத்து இழுத்தேன். தச்சது கோணலும் மாணலுமா இருந்துச்சு, அவன் பிரிச்சுத் திருப்பித் தைக்கச் சொன்னான். திட்டிக்கிட்டே தச்சேன். கடைசி ஓலையைக் கட்டி நிமிந்து பாத்தா, அந்த வெறி கொஞ்சம் எறங்கியிருந்துச்சு. போயிடல, எறங்கியிருந்துச்சு. வரப்புக்கு இனி போகணும்னு தோணல.

அன்னிக்கு ஒண்ணு புரிஞ்சுது. அந்த ஆசை ஆத்துல வெள்ளம் ஏறுற மாதிரி ஏறுது, ஏறிக்கிட்டே இருக்கும்னு பயமுறுத்துது, ஆனா ஓர் இடத்துல நின்னு தானா வத்துது. ஒரு அத்தாப்பு தைக்கிற நேரம் அதுக்கு ஆகும். உயிர் போற வரைக்கும்ங்கிற பேச்சை விட்டேன். வெறி வந்தா ஓலையை எடுப்பேன். மச்சான் கேலி பண்ணுவான், உன் ஆசையை வச்சே தோட்டத்துல எல்லா லயத்துக்கும் கூரை போட்டுடலாம் போலிருக்கேன்னு. புளியை உருட்டி வாயில அடக்கிக்குவேன். இருமலும் மெல்ல மெல்ல அடங்குச்சு. கிழங்குக்குக்கூட ருசி இருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

அப்புறம் வந்துச்சு அந்த நாள். பெரட்டுல போதுமான ஆள் கிடைக்கலபோல, சோல்ஜர்ங்க காட்டு வரப்பு மேலயே நடந்து வந்துட்டாங்க. பூட்ஸ் சத்தம் எங்க தலைக்கு நேரா கேக்குது. நாங்க பரணை விட்டு இறங்கி, சேத்துல குப்புறப் படுத்து ஓலையை மேல இழுத்துக்கிட்டோம். எனக்கு எங்கே இருமல் வந்துடுமோன்னு பயம். வரல. பக்கத்துல ஏதோ கடகடன்னு சத்தம். திரும்பிப் பாத்தா மச்சானோட பல்லு.

அத்தனை நாளும் பாறை மாதிரி இருந்தவன் மூங்கில் இலை மாதிரி நடுங்குறான். கண்ணு வெளிய வந்துடும்போல இருக்கு. ஓடிடலாம் மாப்ள, ஓடிடலாம்னு முனகிக்கிட்டே முட்டி போட்டு எழுந்திரிக்கிறான். எழுந்தான்னா ரெண்டு பேரும் போனோம். என் சம்சாரம் பிள்ளைத்தாச்சியாத் தனியா நிக்க வேண்டியதுதான். அவன் முகத்தைப் பாத்ததும் எனக்கு அது அடையாளம் தெரிஞ்சுடுச்சு. இதே நடுக்கம்தானே, இத்தனை நாளா நான் இதோடதானே குடித்தனம் பண்ணேன்.

அவன் முதுகு மேல என் கையைப் போட்டு அழுத்தி, காதுல சொன்னேன்: "மச்சான், எனக்குத் தெரியும் இது. இப்போ உச்சியில நிக்குது. இதுக்கு மேல ஏறாது. கொஞ்சம் பொறு, எறங்கும்."

என் மூச்சோட சேர்ந்து மூச்சு விடச் சொன்னேன். விட்டான். மேல சோல்ஜர்ங்க நின்னு ஏதோ பேசினாங்க, ஒருத்தன் ஓலையைக் கம்பால தட்டினான். மச்சான் உடம்பு தூக்கிப் போட்டுச்சு, நான் கையை எடுக்கல. அப்புறம் அந்தச் சத்தம் வரப்போட போயி, தூரமாகி, இல்லாமப் போச்சு.

சேத்துல இருந்து எழுந்ததும் மச்சான் ஓன்னு அழுதான். எனக்கு ஒவ்வொரு நாளும் இப்படித்தான் இருந்துச்சு மாப்ளன்னான். உன் சுருட்டை விட வைக்கிற வேலை இருந்ததாலதான் என் பயத்தை நான் மறந்திருந்தேன், உன் இருமல் நின்னதும் எனக்குச் செய்ய ஒண்ணும் இல்லாமப் போச்சுன்னான்.  அவனுக்குப் பயமே இல்லன்னு நினைச்சுத்தானே அவன் மேல சாய்ஞ்சிருந்தேன். அவன் என் மேல சாய்ஞ்சிருந்தது எனக்குத் தெரியவே இல்ல.

ரெண்டு பேரும் பிழைச்சோம். மகள் பிறந்தா. சண்டை முடிஞ்சு கடையில தகர டப்பா சிகரெட் திரும்பி வந்தப்ப, வாசனை பட்டு எனக்கு நாக்கு ஊறத்தான் செஞ்சுது, பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் நின்னேன், அது வத்திப் போச்சு, நடையைக் கட்டினேன். மச்சான் இன்னைக்கு உயிரோட இல்ல. வயசாகி, பேரன் பேத்தி எடுத்து, தன் கட்டில்ல படுத்துப் போனான்.

இப்பவும் யாராவது ஆசையாலயோ பயத்தாலயோ கை நடுங்க என் முன்னால வந்து நின்னா, நான் புத்தி சொல்றதில்ல. கையில ஏதாவது ஒரு வேலையைக் குடுத்து, அது அடங்குற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருக்கிறேன்.