குண்டுமல்லியும் வைக்கோல் காளானும்

சைகோனில் எங்கள் துணிக்கடைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு காரைக்கால்காரர் இருந்தார். பிரெஞ்சுக்காரன் ஆபீஸில் குமாஸ்தா. எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். தினமும் வாசல் தொட்டியிலிருந்து ஒரு குண்டுமல்லியைப் பறித்துச் சட்டையில் செருகிக்கொண்டால்தான் அவருக்கு நடையே வரும்.

அவர் மனைவி வியட்நாம்காரி. கொல்லையில் வைக்கோலை நனைத்துப் போட்டு, காளான் வளர்த்துச் சந்தையில் விற்பாள்.

சண்டையில் தோற்று பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டினான். இவரும் கூடவே கிளம்பினார், அவளையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு. துறைமுகத்துக்குப் போக ரிக்‌ஷாவில் ஏறியபோது மடியில் அந்த மல்லிகைத் தொட்டி மட்டும் இருந்தது.

"பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு செடியத் தூக்கிட்டுப் போறீங்களே, அண்ணே?" என்றேன்.

"மல்லி ஒசந்த செடி, தங்கச்சி. பாத்துக்க ஆள் இல்லேன்னா பட்டுப்போயிடும். அவ காளான் மாதிரி. வேரும் கெடையாது, பூவும் கெடையாது. குப்பையில போட்டாலும் மொளைச்சுக்குவா."

"அடேயப்பா! இந்த மூளைக்குத்தான் வெள்ளைக்காரன் சம்பளம் குடுத்தானா?"

காதில் விழாத மாதிரி இலையைத் தடவினார். வண்டி நகரும்போது தலையை நீட்டிக் கேட்டார்: "ஆமா, இதுக்கு எப்பெப்ப தண்ணி ஊத்தணும்?"

இத்தனை வருஷமும் ஊற்றியவள் கொல்லையில் வைக்கோல் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள இருக்கிற காளானப் போய்க் கேளுங்க" என்றேன்.

மனுஷன் இறங்கவில்லை. அந்தச் செடி கடல் தாண்டிப் பிழைத்ததா என்று இன்றைக்கும் நினைப்பேன். அவர் பிழைத்தாரா என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.