ஈஸ்வரபாண்டி பிடுங்கிய சிவப்பு பல்பு

சுருளிப்பட்டி ஈஸ்வரபாண்டிக்கு வண்டி ஓட்டத் தெரியும், வண்டியைப் பற்றி மணிக்கணக்கில் பேசவும் தெரியும். தனக்கு ஒன்று தெரியாது என்று சொல்ல மட்டும் தெரியாது. குறை சொல்கிற எதுவும் அவனுக்கு ஆகாது. மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற கருவி ஒன்றை மச்சினன் வாங்கி மாட்டிக் கொடுத்தான். அது இரண்டாவது முறை கத்தியபோதே ஈஸ்வரபாண்டி வயரை வெட்டிவிட்டான். பிறகு தொட்டி வழிந்து பக்கத்து வீட்டில் காயப்போட்டிருந்த மிளகாய் வற்றல் நனைந்தது. கருவி மட்டமானது என்று மச்சினனைத் திட்டினான். மகள் கணக்கில் பின்தங்குகிறாள் என்று பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் டீச்சர் எழுதினார். அன்றைக்கே குழுவிலிருந்து வெளியேறினான். உடம்பில் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது என்று சொன்ன டாக்டரை மாற்றினான். புது டாக்டரும் அதையே சொன்னதும் டாக்டரிடம் போவதையே நிறுத்தினான். இப்படித்தான் ஐம்பது வயதை நெருங்கும் வரை நிம்மதியாக இருந்தான். அவன் நிம்மதிக்கான கிரயத்தை எல்லாம் அவன் மனைவி கிருபாவதிதான் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவனிடம் ஒரு பிக்கப் இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஓடிய டீசல் வண்டி. கிளீனர் வேலைக்கு வந்தவர்கள் யாரும் அவன் வாய்க்குத் தாக்குப்பிடிக்கவில்லை. கடைசிக் கிளீனர் கம்பத்தில் டீ குடிக்க இறங்கியவன், டீயைக் குடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து கிருபாவதிதான் கிளீனர். திராட்சைப் பெட்டிகளை எண்ணி ஏற்றுவது, தார்ப்பாய் கட்டுவது, மேட்டில் வண்டி நின்றால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பது எல்லாம் அவள் பாடு. ஒன்று மட்டும் அவளுக்கு விலக்கு. வண்டியைப் பற்றி அவள் வாய் திறக்கக் கூடாது.

வியாபாரி தவசி, பன்னீர்த் திராட்சை அறுவடை முடியும் வரை தினமும் ஒரு லோடு கொடுப்பார். குமுளியில் காத்திருக்கும் கேரள லாரியில் இருட்டுவதற்குள் பெட்டிகளை மாற்றிவிட வேண்டும். லாரி யாருக்காகவும் நிற்காது, பன்னீர்த் திராட்சையும் நிற்காது. ஒரு ராத்திரி தங்கினாலே காம்பு கறுத்து உதிரும். அந்த வீட்டுக்கு நிலையான வேலை என்று இருந்தது இந்த லோடு ஒன்றுதான்.

அறுவடை தொடங்கிய சமயத்தில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டீயரிங்குக்கு முன்னால் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கியது. அணைந்தது, மறுபடி மினுக்கியது.

"என்னங்க, செகப்பா எரியுது பாருங்க" என்றாள் கிருபாவதி.

"அது பழைய வண்டின்னா அப்பிடித்தான் எரியும்."

"யார்ட்டயாச்சும் காமிச்சுப் பாப்பமா?"

"வண்டி விசயத்துல நீ வாயத் தொறக்காத."

மறுநாள் காலையில் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்தான். மீட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினான், பின்னால் கையை விட்டுத் துழாவினான், சுண்டைக்காய் அளவு பல்பைப் பிடுங்கி வெளியே எடுத்தான். கோளாறைத் தீர்த்துவிட்ட மிடுக்கோடு அதை அவள் மடியில் எறிந்தான்.

"இந்தா, நெத்தியில வச்சுக்க. மூஞ்சிக்கு நேரா செகப்பா எரிஞ்சா வெளங்குமா?"

கிருபாவதி அதைத் தூக்கிப் போடவில்லை. ஏன் வைத்துக்கொண்டாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது. மணிபர்ஸில் கோயில் குங்குமப் பொட்டலம் இருக்கும் சின்ன அறைக்குள் பல்பைப் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

அதன் பிறகு விளக்கு எரியவில்லை. செல்ஃப்தான் எடுக்கவில்லை. கம்பத்தில் சந்தை நெரிசலில் ஊர்ந்துவிட்டு இன்ஜினை நிறுத்தினான், மறுபடி சாவியைத் திருப்பினால் 'டக்'கென்ற சத்தத்தோடு சரி. கூடலூரில் ஒருவர் பார்த்துவிட்டு, பேட்டரிக்குக் கரண்ட் தரும் டைனமோவைச் சுற்றுகிற பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று இறுக்கிக் கொடுத்தார். சிவப்பு விளக்கு சொல்ல வந்தது அதைத்தான், ஆனால் விளக்கைத்தான் ஏற்கெனவே வாயடைத்தாகிவிட்டதே. பெல்ட்டை இறுக்கிய பிறகும் பேட்டரி இறங்கியது. பேட்டரிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று வேறு கடையில் புது பேட்டரி வாங்கினான். அதுவும் இறங்கியது. புது பேட்டரிக்காரன் அவனைவிடப் பெரிய திருடன் என்றான்.

அப்புறம் கம்பத்தில் கர்ணன் என்ற எலக்ட்ரீசியனிடம் போனார்கள். அவன் டைனமோவைக் கழற்றிப் பிரித்தான், தேய்ந்த கார்பனை மாற்றினான், மேசையில் மாட்டி ஓட்டிக் காட்டினான். கரண்ட் நன்றாகவே வந்தது.

"டைனமோ நல்லாருக்குண்ணே. வயரிங்லதான் எங்கனயோ விட்டுப்போயிருக்கு. வண்டிய விட்டுட்டுப் போங்க, தேடிப் பாக்குறேன்."

"வேல தெரியாதவன்தான் வயரிங்கும்பான்" என்று சொல்லிவிட்டு ஈஸ்வரபாண்டி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

இதில் ஒரு கூத்து உண்டு. மலை ஏறினால் வண்டி சரியாகிவிடும். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பைத் தாண்டி இன்ஜின் அலற அலற ஏறிய நாட்களில் பேட்டரி நிரம்பியிருக்கும், குமுளியில் தொட்டதும் கிளம்பும். சமதரையில் மெல்ல ஓட்டினால் படுத்துக்கொள்ளும். "மலக்காத்து பட்டா என் வண்டிக்கு ஒண்ணும் செய்யாது" என்று டீக்கடைகளில் பீற்றிக்கொண்டான். எங்கே போனாலும் சரிவு பார்த்து நிறுத்தினான், உருட்டிவிட்டுக் கிளப்பினான். மழையில் இறங்கிக் கல்லை எடுப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கையில் சேறு படிந்த கல்லோடு ஓடும் வண்டியில் தொற்றி ஏறும்போதெல்லாம் கிருபாவதி பர்ஸை நினைத்துக்கொள்வாள். பிடுங்கியதற்கு மறுநாளே ஆரம்பித்த கோளாறு இது. ஒருதடவை, "அந்தப் பல்பு..." என்று தொடங்கினாள். அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள். போகட்டும், எவ்வளவு தூரம்தான் ஓடுகிறது பார்ப்போம் என்று இருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் குரூரமான திருப்தியும் இருந்தது.

ஒருநாள் நல்ல மழை. வைப்பரும் விளக்கும் ஓட, முழு லோடோடு கூடலூர் வந்தவன் டீ குடிக்கச் சமதரையில் நிறுத்தினான். சரிவு கிடைக்கவில்லை. டீயை விட்டுவிடவும் மனமில்லை. திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் வண்டி செத்துக் கிடந்தது. டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் தள்ளியும் பாரம் நகரவில்லை. தகவல் போனதும் தவசி, இன்னொரு பிக்கப் ஓட்டும் முத்துவீரனை வண்டியோடு கூட்டிக்கொண்டு வந்து, நனைய நனையப் பெட்டிகளை மாற்றி அனுப்பினார். கேரளக்காரர்களோடு பழகிப் பழகி அவர் பேச்சில் மலையாளம் ஒட்டியிருக்கும்.

"சாரமில்ல, போகட்டும்" என்றார் தலையைத் துடைத்துக்கொண்டே. "நாளைக்கு ஒரு லோடு தாறேன் ஈஸ்வரா. அதுவும் வழியில நின்னா, அறுவட முடியிற மட்டும் முத்துவீரன்தான். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

மறுநாள் காலையில் வண்டியை உருட்டிக் கிளப்பி உத்தமபாளையத்துக்கு ஓட்டிப் போனார்கள். அங்கே முஜிபுர் ரஹ்மான் பட்டறை வைத்திருந்தார். வேலையில் கெட்டிக்காரர், வாய் ஈஸ்வரபாண்டியைவிட நீளம். வந்து நின்றதுமே, எந்தெந்தத் திருடனிடம் எவ்வளவு ஏமாந்தேன் என்று ஈஸ்வரபாண்டி கதையை ஆரம்பித்தான்.

"ஒங்க கதையில கரண்ட் வராதுண்ணே. பானட்டத் தெறங்க."

மீட்டரைப் பேட்டரியில் வைத்தார். பன்னிரண்டைத் தொட்டும் தொடாமலும் காட்டியது. இன்ஜின் ஓடும்போது பதினான்கு பக்கம் ஏற வேண்டிய முள் அங்கேயே கிடந்தது. பெல்ட்டை அமுக்கிப் பார்த்தார், இறுக்கம் சரி. பிறகு இன்ஜினை நிறுத்தி, மறுபடி சாவியை மட்டும் திருப்பச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே நீட்டினார். ஆயில் விளக்கு எரிந்தது. ஹேண்ட் பிரேக் விளக்கு எரிந்தது. பேட்டரிப் படம் இருட்டாக இருந்தது. பட்டறைப் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து வண்டியைக் கிளப்பச் சொன்னார், கிளம்பியதும் வயரை எடுத்தார். இரண்டு வயர் கோத்த பல்பு ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியிலும் மறுமுனையை டைனமோவுக்குப் போகும் மெல்லிய வயரிலும் தொட்டார். இன்ஜின் சத்தம் சட்டென்று கனத்தது. முள் ஏறிப் பதினான்கில் நின்றது.

"டைனமோ முழிச்சுக்கிருச்சு. அதுக்கு மொதக் கரண்ட் அந்தச் செகப்பு பல்பு வழியாத்தான் போகணும். பல்பு இல்லைன்னா தூங்கிக்கிட்டேதான் சுத்தும். மலையில நல்லா ரேஸ் குடுத்தா சில சமயம் தானா முழிச்சுக்கும். தரையில முழிக்காது." மீட்டர் பெட்டியைக் கழற்றிப் பின்னால் பார்த்தார். ஓட்டைதான் இருந்தது. "யாருண்ணே இதப் புடுங்குனது?"

"தெரியலையே பாய். வாங்கும்போதே இல்ல" என்றான் ஈஸ்வரபாண்டி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

கிருபாவதி ஜிப்பைத் திறந்தாள். குங்குமம் படிந்த பல்பை எடுத்து முந்தானையில் துடைத்து, பாயின் உள்ளங்கையில் வைத்தாள்.

முஜிபுர் ரஹ்மான் பல்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இத்தன நாளு சொல்லாம இருந்திட்டீங்களேக்கா."

"வண்டி விசயத்துல நான் வாயத் தொறக்கக் கூடாது பாய்."

ஈஸ்வரபாண்டி டயரை உதைத்துக் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டான். பாய் பல்பை மாட்டினார். சாவியைத் திருப்பியதும் சிவப்பு எரிந்தது, இன்ஜின் ஓடியதும் அணைந்தது. வேலை அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே குமுளி போய்ச் சேர்ந்தார்கள். வழியில் கூடலூரில் தரையிலேயே நிறுத்தி டீ குடித்தான், வேண்டுமென்றே. வண்டி தொட்டதும் கிளம்பியது. பெட்டிகள் லாரிக்கு மாறின. தவசியும் வந்திருந்தார். கடையில் டீ சொல்லிவிட்டு, "கோளாறு என்னப்பா?" என்று கேட்டதுதான் தாமதம், ஈஸ்வரபாண்டிக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது. லாரிக்காரர்களும் வேறு லோடு கொண்டுவந்திருந்த முத்துவீரனும் கேட்கும்படியாக, சிவப்பு பல்பின் மகத்துவத்தை அவனே கண்டுபிடித்தவன் மாதிரி விளக்கினான்.

"மொதக் கரண்ட் அது வழியாத்தான் போகும். இது தெரியாம சில கிறுக்கனுக பல்பப் புடுங்கிப் போட்டுர்றானுக."

"ஒன் வண்டியில யாரு புடுங்குனா?"

ஈஸ்வரபாண்டி ஒரு வாய் டீ குடிக்கும் நேரம்தான் யோசித்தான். "கம்பத்துல கர்ணன்னு ஒருத்தன் டைனமோவப் பிரிச்சான்ல. அவன் வேலதான்."

தவசியின் முகம் மாறியது. "கர்ணனா? எங்க ரெண்டு வண்டியும் அவன்கிட்டதான கெடக்கு. இப்பிடி வேல பாக்குறவன்கிட்ட இனி விடப்படாது." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

வயரிங்கில் தேடிப் பார்க்கிறேன் என்று சொன்ன கர்ணனின் முகம் கிருபாவதிக்கு நினைவு வந்தது. அத்தனை பேரிலும் அவன் ஒருவன்தான் கோளாறு இருக்கும் இடத்தைத் தொட்டவன். அவன் பிழைப்பில் மண் விழ இன்னும் ஒரு அழைப்புதான் பாக்கி. அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கர்ணன் இல்லண்ணே. புடுங்குனது இவுகதான். பல்ப எம் மடியில எறிஞ்சு, நெத்தியில வச்சுக்கன்னு சொன்னாக."

முத்துவீரன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினான். லாரிக்காரர்கள் அடக்கக்கூட முயலவில்லை. தவசி போனைப் பைக்குள் திரும்பப் போட்டார்.

"நாளைக்கு எத்தன மணிக்குண்ணே ஏத்தணும்?" என்று கிருபாவதியே கேட்டாள்.

"ரெண்டு மணிக்குத் தோட்டத்துக்கு வந்திரு ஆத்தா. ஒன்னய நம்பித்தான் ஏத்துறேன்."

வண்டியில் ஏறியதும் அவன் சாவியைத் திருப்பினான். சிவப்பு எரிந்தது, இன்ஜின் ஓடியதும் அணைந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தும் அவன் கண் அங்கேயேதான் போனது. மலை இறங்கத் தொடங்கினார்கள். பின்பக்க இடது டயரில் காற்று குறைவு என்றாள் கிருபாவதி. பிரேக் பிடிக்கும்போது வலது பக்கம் இழுக்கிறது, ரெண்டு மாதமாகவே இழுக்கிறது என்றாள். நாளைக்கு லோடு ஏற்றுவதற்கு முன்னால் சர்க்கரை பார்க்கப் போக வேண்டும், கணக்கு டீச்சரையும் பார்க்க வேண்டும் என்றாள். அவன் வாயைத் திறக்கவில்லை. லோயர் கேம்ப் வரும் வரை கிருபாவதி பேசிக்கொண்டே வந்தாள்.