சூடேறினால் மட்டும் சுழலும் காற்றாடி

எங்கள் செம்பனைத் தோட்டத்து வீட்டில் அறைகளைப் பிரிக்கும் பலகைத் தடுப்பு கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். அந்த இடைவெளி வழியாகத்தான் மகளுடைய கம்ப்யூட்டரின் சத்தம் எனக்குக் கேட்டது. திரையில் படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டு பழசு. அதன் சின்னக் காற்றாடியில் ஓர் இறக்கை முனை உடைந்து, கரகரவென்று ஓயாமல் சுழலும். சமையலறையில் மீன் கழுவும்போதும் காதில் விழும். விழுந்தால் மகள் விளையாடிக்கொண்டிருக்கிறாள். விளையாடினால், இருக்கிறாள்.

கோலா கிளாவாங் மலைப்பாதையில், எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றிவந்த லோரியில் மகள் ஓட்டிய மோட்டார் சைக்கிள் மோதியது. பின்னால் உட்கார்ந்திருந்த தோழி பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண் திறந்த மகள் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "அவ என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்மா."

அதற்குப் பிறகு வீட்டில் எதைச் செய்தாலும் ஒரு காதை அந்த அறைப் பக்கமே வைத்திருக்கிறேன். டாக்டரிடம் கூட்டிப்போனோம், மாத்திரை சாப்பிடுகிறாள். கல்லூரிக்குப் போகவில்லை. வெளியே வருவதுமில்லை. நிலம் உழுது, மாடு வளர்க்கும் ஒரு விளையாட்டை மட்டும் விடவில்லை. அவளும் அந்தத் தோழியும் சேர்ந்து உருவாக்கிய பண்ணை அது. தோழியின் பாத்திகளுக்கும் இவள்தான் இப்போது தண்ணீர் ஊற்றுகிறாள்.

பிறகு திரையில் கோடு கோடாக விழ ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் திரை மொத்தமாக இருண்டுபோனது. கரகரச் சத்தம் நின்றது. மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வேறு கார்டு வாங்கலாமா என்று கேட்டேன்.

"எதுக்கும்மா?"

அந்தக் கேள்விதான் என்னைச் சிரம்பானுக்குத் துரத்தியது. தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துகிறவள் நான்; கார்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரிந்தவர்களை விசாரித்து, கம்ப்யூட்டர் பெட்டியின் உட்புறத்தைப் பள்ளிக்கூட அடிக்கோலால் அளந்து, மின்சாரம் கொடுக்கும் பகுதியில் ஒட்டியிருந்த தாளைப் போனில் படமெடுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "என்னக்கா, கேம் உங்களுக்கா?"

"மகளுக்குங்க."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க." தானே சிரித்துவிட்டு, நான் சிரிக்காததைக் கண்டு தொண்டையைச் செருமினார். "உங்க பவர் சப்ளை சின்னது லா. தனி வயர் கேக்குற கார்டு போட்டா தாங்காது."

இரண்டை எடுத்துவைத்தார். ஒன்று பழசு, வேகம் கூடியது. "கொஞ்சம் உறுமும். கிழட்டுப் புலி மாதிரி." மற்றது புதுசு, வேகம் குறைவு. "பண்ணை கேமுக்கு இது போதும்கா. சூடு ஏறலன்னா காத்தாடி சுத்தவே சுத்தாது. வீட்டுல இருக்குறதே தெரியாது."

விபத்துக்குப் பிறகு சின்னச் சத்தத்துக்கும் மகளுக்குத் தலை வலிக்கிறது. அதை நினைத்துப் புதுசைக் கையில் எடுத்தேன். இவ்வளவு யோசித்து நான் எடுத்த முடிவு அதுதான்.

வீட்டில் என் கணவர் கார்டைப் பெட்டியிலிருந்து எடுத்து நேரே சாமி மேடைக்குக் கொண்டுபோனார். தோட்டத்தில் எந்தப் புதுப் பொருளும் பொட்டு வைக்காமல் புழக்கத்துக்கு வராது. பிரிட்ஜுக்கும் வைத்தோம், புல் வெட்டும் மிஷினுக்கும் வைத்தோம். எங்கே வைப்பது என்று புரட்டிப் பார்த்தவர், அடியில் தங்க நிறத்தில் பளபளத்த விளிம்பைக் கண்டார். மங்களமான இடம் அதுதான் என்று தோன்றியிருக்கும். குழைத்த சந்தனத்தை அங்கே அப்பி, மேலே குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

மகள் கதவோரம் வந்து நின்றாள். நாள்கணக்கில் படுத்துக்கிடந்தவள் எழுந்து வந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. கார்டை வாங்கித் திருப்பினாள்.

"இந்தத் தங்கப் பல்லுதான்பா கம்ப்யூட்டருக்குள்ள சொருகணும். அங்க போய் யாராச்சும் சந்தனம் வெப்பாங்களா?"

"சாமிக்குக் காட்டாம எப்படிம்மா? நல்லபடியா ஓடணும்ல."

"மோட்டாருக்கும்தான் வெச்சீங்க."

ஆமாம், வைத்தோம். மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். இவளும் தோழியும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

என் கணவர் கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சட்டைகூடப் போடாமல் வெளியே போய்ச் செம்பனை மரங்களைப் பார்த்தபடி நின்றார். மகள் என் பள்ளிப் பையிலிருந்து ரப்பரை எடுத்து, அந்த விளிம்பைத் தேய்த்தாள். மஞ்சளும் சிவப்புமாகத் துகள்கள் மேசையில் உதிர்ந்தன. காயவைத்து, மாட்டினாள். திரை வந்தது. கோடு எதுவும் இல்லை. தோழியின் பாத்திகளில் செடிகள் எல்லாம் வாடிக் கிடந்தன. தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் சமையலறைக்கு வந்து வெங்காயத்தை எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. தடுப்புக்கு மேலிருந்து ஒன்றுமே வரவில்லை. கத்தியை வைத்துவிட்டு மூச்சை அடக்கிக் கேட்டேன். வெளியே ஒரு டிராக்டர் போனது. அறையில் ஒன்றுமில்லை.

கதவைத் தட்டினேன்.

"என்னம்மா?"

"தேத்தண்ணி வேணுமா?"

"வேணாம்."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனேன், துணி காய்ந்துவிட்டதென்று. அப்புறம் பிஸ்கட். அப்புறம் மழை வருகிறது, ஜன்னலைச் சாத்து. அவள் கதவைத் திறக்காமலே சொன்னாள். "இருக்கேன்மா."

அன்று முதல் இப்படித்தான். பள்ளியிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் அந்தக் கதவருகே நிற்கிறேன். முன்பு வாசலுக்கு வரும்போதே தெரிந்துவிடும். இப்போது நாற்காலி அசைகிறதா என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. சில நாள் அது நெடுநேரம் அசைவதில்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "காத்தாடி எப்பவும் சுத்துற மாதிரி பண்ண முடியுமாங்க? சத்தமா?"

"சத்தம் வேணுமா? என்னக்கா, உலகமே சத்தம் வேணாம்னுது!" என்று சிரித்தார். "முடியும். செட்டிங்ல மாத்தணும். மகள்கிட்ட சொல்லுங்க, ஒரு நிமிஷ வேலை."

மகளிடம்தான் சொல்ல வேண்டும். எதுக்கும்மா என்று கேட்பாள்.