பரவனாற்றில் தேடியவள்

வளையமாதேவியில் சாமியம்மாளுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இருந்ததில்லை. அவளுக்கு ஆறுதான் இருந்தது. பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீரும் சேர்ந்துகொள்வதால் பரவனாறு கோடையிலும் ஓடும். நடவு முடித்த பெண்கள் அதில்தான் சேற்றைக் கழுவிக்கொண்டு கரையேறுவார்கள். சாயங்காலம் கொக்குகள் வந்து இறங்கும் திட்டில் அவள் நத்தை பொறுக்குவாள். கூலி இல்லாத நாட்களில் அதுதான் குழம்பு.

பதினோரு வருஷத்துக்கு முன்பு, ஐப்பசி வெள்ளத்தில், அதே ஆறு அவளுடைய மகள் தமிழ்நிலாவை இழுத்துக்கொண்டு போய்விட்டது. எட்டு வயது. நான்கு நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. புதைக்க ஒன்றுமில்லாததால் ஆற்றையே பிள்ளை இருக்கும் இடமாக நினைத்துக்கொண்டாள் சாமியம்மாள். வருஷாவருஷம் அந்த நாளில் கரையில் படையல் வைத்துவிட்டு வருவாள். ஆற்றை அவள் வைது யாரும் கேட்டதில்லை.

சுரங்கம் விரிவடைந்தபோது ஆற்றுக்கு வேறு வழி வெட்டினார்கள். அவள் கணவன் பழனிவேலுக்கு அங்கேதான் காண்ட்ராக்ட் வேலை கிடைத்தது. பழைய ஆற்றில் மண் கொட்ட வரும் லாரிகளுக்குக் கொடி காட்ட வேண்டும். அதை வீட்டில் அவன் சொல்லவே இல்லை.

தண்ணீர் வடிந்த அன்று காலையில் சாமியம்மாள் ஆற்றுக்குள் இறங்கிவிட்டாள். கையால் சேற்றைக் கிளறிக்கொண்டே நடந்தாள். ஒருமுறை நிமிர்ந்தபோது, மேலே கொடியோடு நின்ற கணவனைக் கண்டாள். மறுபடி குனிந்து சேற்றைக் கிளறினாள்.

சூப்பர்வைசர் மருதாசலம் அவளை மேலே ஏறி வரச்சொல்லிச் சத்தம் போட்டார். பழனிவேல் அவரிடம் போனான்.

“லாரிய கொஞ்சம் நிறுத்துங்க சார். எம்பொண்டாட்டி தேடிகினு இருக்கா.”

“என்னத்தைத் தேடறாங்க?”

“எங்க புள்ளைய.”

மருதாசலம் கீழே பார்த்தார். மத்தியானம் வரைக்கும் லாரிகளை நிறுத்தி வைத்தார். பழனிவேலும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். கிளிஞ்சல்களும் உடைந்த பானையோடுகளும் கிடைத்தன. வேறெதுவும் இல்லை.

உச்சி வெயிலில் அவளாகவே கரையேறினாள். மருதாசலத்திடம், “லாரிய வுடச் சொல்லுங்க சார்” என்றாள்.

மறுநாளிலிருந்து பழனிவேல் அந்த வேலைக்குப் போகவில்லை. இப்போது ஊரைவிட்டு வந்து, வடக்குத்து என்ற ஊரில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவள் சுரங்கத்து டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வாசல்களைப் பெருக்குகிறாள். புது ஆற்றைப் பார்க்க ஒருமுறை பழனிவேல் அவளை வண்டியில் அழைத்துப்போனான். கரை உயரமாக இருந்தது, இறங்க வழியில்லை. தண்ணீர் நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவள் வண்டியைவிட்டு இறங்கவில்லை.

“இது வேற ஆறுங்க. வூட்டுக்குப் போலாம்” என்றாள்.