வேப்பமரத்தை விட்டு இறங்காத காகம்

சென்ற ஆண்டு ஆடி மாதம், மதுரை ஆனையூரில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்தது இது. அன்று என் மாமனாரின் முதல் வருஷத் திதி. சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. சமையல் முடிந்து, கூடத்தில் வாழை இலைகள் வரிசையாகப் போட்டாகிவிட்டது. யாரும் சாப்பிட உட்கார முடியவில்லை. காகம் வரவில்லை.

அதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்துக் கொடுப்பவள். வெளிச்சத்துக்காகத் தையல் மிஷினைக் கொல்லைப்பக்க ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு கொய்யா, ஒரு முருங்கை, துணி துவைக்கும் கல், அப்புறம் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு வேப்பமரம். இவ்வளவுதான் என் காடு. சில வருஷங்களுக்கு முன் ஒரு தையல்சிட்டு அந்தக் கொய்யா இலைகளை ஒட்ட வைத்து, ஓரத்தில் ஓட்டை போட்டு, பஞ்சு நூலைக் கோத்துத் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஊசி இல்லை, அளவு நாடா இல்லை. அட, நம்ம தொழில்காரியாக இருக்கிறாளே என்று அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சித்திரைப் பொருட்காட்சியில் அடம்பிடித்து வாங்கிய பைனாகுலர் ஒன்று அலமாரியில் கிடந்தது. ஒரு பக்கக் கண்ணாடியில் கீறல். அதை நான் எடுத்துக்கொண்டேன். இட்லி வேகிற நேரத்தில் தேன்சிட்டு, மகளுக்குத் தலை பின்னும்போது தவிட்டுக்குருவிக் கூட்டம், கொக்கி மாட்டக் காஜா கட்டுகிற நேரத்தில் செம்போத்து என்று என் பொழுது போகும். மகள் இப்போது பிளஸ் ஒன். "அம்மா, பின்னலை என் தலையில போடு, ஜன்னல்ல போடாத" என்பாள். என் கணவர் பசுமலையில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று நான் மறந்துவிட்டால், "ஏன், உன் குருவிகளைக் கேளேன்" என்று சிரிப்பார்.

என் மாமியாருக்குத்தான் இது சுத்தமாகப் பிடிக்காது. அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனுஷி, ஆனால் வாய் சும்மா இருக்காது. "ஏத்தா, ஜாக்கெட்டுக்குக் கை வச்சிருக்கியா, இல்ல றெக்கை வச்சிருக்கியா? பாத்துத் தையி" என்பார். வருகிறவர்களிடமெல்லாம், "எம் மருமகளுக்கு மனுசங்க மொகத்தப் பாக்க நேரமில்ல" என்று என் காதுபடச் சொல்வார்.

காகங்களோடு எனக்குத் தனிப் பழக்கம். வேப்பமரத்தில் ஒரு ஜோடி உண்டு. அதில் ஒன்றுக்கு இடது கால் கொஞ்சம் ஊனம், நொண்டி நொண்டி வரும். காலையில் சோறு வடித்ததும் முதல் பிடியை மதில்மேல் வைப்போம். நான் கையை எடுப்பதற்குள் நொண்டி வந்து உட்கார்ந்துவிடும். காகங்கள் போடுகிற சத்தத்திலேயே எனக்குச் சேதி தெரியும். சோற்றுக்குக் கூப்பிடுவது ஒரு மாதிரி, பூனையைத் திட்டுவது ஒரு மாதிரி. ஒருமுறை தெருமுனை டிரான்ஸ்பார்மரில் ஒரு காகம் ஷாக் அடித்துச் செத்து, இறக்கை விரிந்து தலைகீழாகத் தொங்கியது. ஏரியாக் காகங்கள் அத்தனையும் கூடிவிட்டன. தொண்டை கிழிவது போல அடித்தொண்டையில் ஒரு கத்தல். லைன்மேன் வந்து அதை எடுக்கும் வரை ஒரு காகம்கூட அந்தப் பக்கம் இறங்கவில்லை. அந்தச் சத்தத்தை நான் மறக்கவே இல்லை.

இனி திதி நாளுக்கு வருகிறேன்.

என் கணவர் காலையிலேயே திதி கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வீட்டில் மாமா படத்துக்குப் படையல் போட்டோம். மாமாவுக்குப் பிடித்த ஆமவடை, சேப்பங்கிழங்கு வறுவல், பாயசம் எல்லாம் இருந்தது. அத்தை தன் கையாலேயே பருத்திக்கொட்டை ஆட்டி, கருப்பட்டி போட்டுப் பருத்திப்பால் காய்ச்சி ஒரு டம்ளரில் ஊற்றி வைத்திருந்தார். அதற்குக் காரணம் உண்டு. மாமா சர்க்கரை நோயாளி. அதற்கு முந்தின வருஷம் ஒரு சாயங்காலம் தெருவில் பருத்திப்பால் வண்டி வந்தபோது, "ஒரே ஒரு டம்ளர் வாங்கித் தாயேன்" என்று அத்தையிடம் கேட்டார். அத்தை, "சாகப் போறீகளா?" என்று அதட்டிவிட்டார். மறுநாள் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன மாமா திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் பருத்திப்பால் வண்டிச் சத்தம் கேட்டாலே அத்தை எழுந்து உள்ளே போய்விடுவார். எதற்கென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம்.

ஒரு சின்ன இலையில் எல்லாவற்றையும் எடுத்து, பருத்திப்பால் டம்ளரோடு மதில்மேல் வைத்தோம். கணவர் "கா... கா..." என்று கூப்பிட்டார். வேப்பமரத்திலிருந்து பதில் சத்தம் வந்தது. ஒரு காகம் பறந்து வந்து, மதிலுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப மரத்துக்கே போய்விட்டது. இன்னொன்றும் அப்படியே. கூப்பிடக் கூப்பிட மரத்தில் கூட்டம்தான் கூடியதே தவிர, ஒன்றும் இறங்கவில்லை.

கூடத்தில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கோயிலில் கொண்டுபோய் வைப்போம் என்றார் ஒருவர். மாட்டுக்குப் போட்டால் போதும் என்றார் இன்னொருவர். என் கணவரின் அக்காதான் சத்தமாகப் பேசினார். அவரை நான் மதினி என்பேன். திண்டுக்கல்லில் இருந்து முதல் நாளே வந்துவிட்டார். மதினியின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். இந்த வயசிலும் இப்படி ஒரு முடியா என்று கல்யாண வீடுகளில் ஆள் நின்று பார்ப்பார்கள். அன்று காலையில் தலைக்குக் குளித்தவர், மதியம் ஆகியும் தலையில் சுற்றிய துண்டை அவிழ்க்காமல் இருந்தார்.

"அப்பாவுக்கு என்னமோ மனக்குறை இருக்கு தம்பி. இந்த வீட்டுல என்ன குறை வச்சாங்களோ, யாரு கண்டா?" என்றார் மதினி. பேச்சு தம்பியிடம், பார்வை என்னிடம். எனக்கு உள்ளே சுர்ரென்றது. மாமாவின் கடைசி நாள் வரை கஞ்சி வைத்துக் கொடுத்தவள் நான்.

நான் பதில் சொல்வதற்குள் அத்தையின் குரல் கேட்டது. எப்போதும் வீடே அதிரப் பேசுகிறவர், அன்று பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"யாரும் குறை வைக்கல. கோவம் எம்மேலதான். ஒரு டம்ளர் பருத்திப்பாலு... அதக்கூட குடுக்காம அனுப்பிட்டேன்ல. இப்ப வச்சா வருவாராக்கும்."

சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். காகம் எடுக்காமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்றார். அத்தைக்கும் சர்க்கரை உண்டு. காலையில் மாத்திரை போட்டவர், அதற்குமேல் ஒன்றும் சாப்பிடவில்லை. கை லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது. என் கணவர் கெஞ்சினார், மகள் சர்க்கரைத் தண்ணீரைக் கொண்டுபோய் வாயருகே நீட்டினாள். அத்தை தலையைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அந்த நடுக்கத்தைவிட அவர் சொன்ன வார்த்தைதான் பயமாக இருந்தது. இன்றைக்குக் காகம் வராமல் போனால், இந்த மனுஷி மிச்ச ஆயுசு முழுக்க இதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் வெளியே கேட்ட சத்தத்தில் என் காது நின்றது. அது சோற்றுக்குப் போடுகிற சத்தம் இல்லை. டிரான்ஸ்பார்மரில் காகம் செத்த அன்று கேட்ட அதே அடித்தொண்டைக் கத்தல்.

நேரே ஜன்னலுக்குப் போய்ப் பைனாகுலரை எடுத்தேன். "இந்த நேரத்துலயும் பட்சி சாஸ்திரம் பாக்கப் போயிட்டா பாரு" என்று மதினி முதுகுக்குப் பின்னால் சொன்னது கேட்டது. நான் திரும்பவில்லை. வேப்பமரத்தில் காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நொண்டியும் இருந்தது. ஒன்றுகூட இலையைப் பார்க்கவில்லை. எல்லாம் கழுத்தை நீட்டி, இலைக்கு இடது பக்கம், முருங்கை மரத்துக்குப் பின்னால் கீழே எதையோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. அது ஜன்னலிலிருந்து எனக்குத் தெரியாத மூலை. மரத்தின் மேலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

பின்வாசல் வழியாகப் போய்ப் பார்த்தேன். முருங்கைக்குப் பின்னால் மோட்டார் பைப்பில், யார் கண்ணிலும் படாத இடத்தில், கருகருவென்று ஒன்று தொங்கியது. மேலே கொத்தாகக் கட்டி, கீழே வால் மாதிரி பிரிந்து, ஆடிக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் எனக்கே செத்த காகம் என்றுதான் தோன்றியது. கிட்டே போனபோது ஷாம்பு வாசனை வந்தது.

சவுரி. மதினி பின்னலோடு சேர்த்துப் பின்னுகிற ஒட்டு முடி. அலசிக் காயப் போட்டிருக்கிறார். அது காயாததால்தான் தலைத் துண்டும் அவிழவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே கூடத்துக்குள் போய் நிற்கலாமா என்று ஆசையாகத்தான் இருந்தது. யார் வைத்த குறை என்று எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் மதினியின் மருமகனும் இருந்தார், சம்பந்தி வீட்டு ஆட்களும் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் ஒரு பெண்ணின் பின்னலை அவிழ்த்துக் காட்டுவதா? எனக்கு மனசு வரவில்லை. நான் ப்ளவுஸ் தைக்கிறவள். யார் எதை மறைக்க ஆசைப்படுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், வெளியே சொன்னதே கிடையாது.

வெட்டுத் துணி போட்டு வைக்கிற பையை எடுத்து வந்து, சவுரியை அதற்குள் சுருட்டி வைத்தேன். எல்லோரையும் தாண்டி நடந்துபோய் மதினியின் பெட்டிமேல் வைத்துவிட்டு வந்தேன். பையின் வாயில் கொஞ்சம் கறுப்பு தெரிந்தது போல. மதினி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் கை தானாகத் தலைத் துண்டைப் பிடித்துக்கொண்டது.

"எல்லாரும் கொஞ்ச நேரம் முன்பக்கம் போய் இருங்க. பின்வாசல்ல யாரும் நிக்கக் கூடாது. யாரும் கூப்பிடவும் வேணாம்" என்றேன். அந்த வீட்டில் நான் அப்படி அதட்டிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஏன், எதற்கு என்று கேட்காமல் எல்லோரும் எழுந்து போனார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

அத்தையைக் கைத்தாங்கலாகப் பிடித்து என் தையல் ஸ்டூலில் உட்கார வைத்தேன். பைனாகுலரைக் கையில் கொடுத்தேன். அவருக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை, கையும் நடுங்கியது. பின்னால் நின்று நானே அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

கத்தல் மெல்ல மெல்ல அடங்கியது. வந்திருந்த வெளிக் காகங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் நினைத்தது தப்பாக இருந்தால் என்ன செய்வது? அப்போது நொண்டி மதில்மேல் வந்து இறங்கியது. முருங்கைப் பக்கம் கழுத்தைச் சாய்த்து ஒருமுறை பார்த்தது. தத்தித் தத்தி இலைக்கு வந்து, ஆமவடையைக் கொத்தி எடுத்தது. பின்னாலேயே அதன் ஜோடியும் வந்தது. இரண்டும் இலையை இழுத்த இழுப்பில் டம்ளர் கவிழ்ந்து, பருத்திப்பால் மதில்மேல் ஓடியது. நொண்டி வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, அலகைப் பருத்திப்பாலில் வைத்து, தலையைத் தூக்கித் தூக்கிக் குடித்தது.

"கிட்டத்துல தெரியுதுத்தா" என்றார் அத்தை. "கிட்டத்துல... குடிக்கிறாரு பாரு. இனிப்புன்னா விடமாட்டாரு."

பைனாகுலரைப் பிடித்திருந்த என் விரலெல்லாம் நனைந்துவிட்டது. கொஞ்சம் கழித்து, "அம்புட்டு நேரம் ஏன் வரல?" என்று கேட்டார்.

"பயந்துபோயிருந்துச்சு அத்தை. பயத்த எடுத்துட்டேன், வந்துருச்சு. கோவமெல்லாம் ஒண்ணுமில்ல."

எதைக் கண்டு பயம் என்று அவர் கேட்கவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பழைய குரல் அப்படியே திரும்பி வந்துவிட்டது. கூடத்துக்குக் கேட்கிற மாதிரி, "எல்லாரும் வந்து ஒக்காருங்கப்பா, சோறு ஆறுது! எம் மருமக சொன்னா வராத காக்கா எது இருக்கு இந்த ஊர்ல?" என்றார். அன்று எனக்கு முதல் இலை போட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, நான் சாதத்தில் கை வைத்த பிறகுதான் அவர் சாப்பிட்டார். வெட்கமாகவும் இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது. மறைப்பானேன்?

மதினி ஊருக்குக் கிளம்பும்போது சமையலறைக்குள் வந்து என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனார். இப்போது திண்டுக்கல்லில் இருந்து போன் வரும். "எங்க வீட்டு மாடில வாலு நீளமா ஒண்ணு வந்து ஒக்காந்திருக்கு, என்னன்னு சொல்லு" என்பார். சவுரி விஷயம் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. பெயர் போடாமல் எழுதுகிற தைரியத்தில்தான் இதைச் சொல்கிறேன். மதினிக்குப் பத்திரிகை படிக்கிற வழக்கம் இல்லை, படித்தாலும் சிரித்துக்கொள்வார்.

இப்போது காலையில் தையல் ஸ்டூலில் அத்தைதான் உட்கார்ந்திருக்கிறார். மதில்மேல் நொண்டி வந்ததா, என்ன தின்றது என்று எனக்குச் சேதி சொல்வது அவர்தான். பைனாகுலரை நான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. பருத்திப்பால் வண்டி வந்தால் எழுந்து உள்ளே போவதில்லை. மகளை அனுப்பி ஒரு டம்ளர் வாங்கி, மதிலில் கொஞ்சம் ஊற்றச் சொல்கிறார்.

அன்று வந்தது மாமாவா, வெறும் காகம்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வெட்டிப் பொழுது என்று ஊரே சொன்ன அந்த ஜன்னலோரப் பொழுதுகள்தான் என் அத்தையின் மனப்பாரத்தை இறக்கி வைத்தன என்று நினைக்கும்போதெல்லாம், தையல் மிஷின் முன்னால் கொஞ்சம் நிமிர்ந்தே உட்காருகிறேன்.