விமானத்தைக் கூறு போடுறவர்

நடுத்துண்டு மாமியாருக்கு, ஓரம் மச்சானுக்கு, மொறுமொறுன்னு இருக்கிறது மகளுக்கு. ரொட்டிய வெட்டி வச்சிட்டு ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாக்குறாரு மனுஷர், யாருக்காவது மனத்தாங்கல் இருக்கான்னு. "சாப்பிட விடுங்க! இது ரொட்டி, உங்க ஏரோப்ளேன் இல்ல"ன்னு மனைவி அதட்டினாதான் கத்திய கீழ வைப்பாரு.

பயணிகள் விமானம் கட்டுற தொழிற்சாலையில அவருக்கு வேலையே கூறு போடுறதுதான். ஆபீஸ்ல பேரு 'பங்காளி'. புது விமானம்னா, போட்ட முதல் திரும்பி வர்றதுக்குள்ள போட்டவனுக்குத் தலை நரைச்சிடும். எந்த பேங்க்காரன் குடுப்பான்? அரசாங்கம்தான் கடன் குடுக்கணும். அரசாங்கக் கடன்னா நாடாளுமன்றத்துல ஓட்டு. ஓட்டுப் போடுற ஒவ்வொரு உறுப்பினரும் "எங்க தொகுதிக்கு என்ன?"ன்னு கை நீட்டுவாரு. இறக்கை செய்யுற வேலை ஒருத்தர் ஊருக்கு, வால் ஒருத்தருக்கு, சக்கரம் ஒருத்தருக்கு. அப்பன் சொத்தைப் பிரிச்சாக்கூட இவ்வளவு சண்டை வராது! இடது இறக்கை கிடைச்சவரு, வலதுதான் ஒசத்தின்னு மொறச்சுக்கிட்டாரு. "அண்ணே, விமானத்துல ஏறுறதே இடது பக்கமாத்தாண்ணே"ன்னு சொல்லிச் சரிக்கட்டினாரு நம்ம பங்காளி.

போன மாசம் ஒரே ஒரு ஓட்டு குறைஞ்சுது. அது விழலேன்னா கடன் இல்ல. கடன் இல்லேன்னா பட்டறையில நிக்கிற அத்தனை பேரும் வீட்டுக்கு. அவரோட மச்சானும் அதுல ஒருத்தர். குடுக்க மிச்சம் இருந்ததோ கழிவறைக் கதவு மட்டும்! அதக் கேட்டதும் அந்த ஓட்டுக்கார உறுப்பினர் எகிறினாரு.

"ஏன்யா, நம்ம மண்ணுல செஞ்ச கக்கூஸ் கதவு வானத்துல பறக்குதுன்னு மேடையேறிப் பேசவா? எதிர்க்கட்சிக்காரன் பாட்டே கட்டிருவான்!"

"கோவப்படாதீங்கண்ணே. இறக்கைய எவன் தொடுறான்? இந்தக் கதவத் தொடாம எவனும் ஊர் போய்ச் சேர மாட்டான். ஒரு தடவை நேர்ல வந்து பாருங்க."

வந்தாரு. பாக்குறவங்களுக்காகப் பட்டறையில பலகையால கட்டி வச்சிருந்த மாடல் விமானத்துக்குள்ள ஏறினாரு. கழிவறைக்குள்ள நுழைஞ்சு கதவச் சாத்தினாரு. அவ்வளவுதான், தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு! உள்ள இருந்து தடதடன்னு தட்டல், கூடவே வசவு. வெளிய பங்காளிக்கு உசுரே இல்ல. மச்சான் வேலையும் போச்சு, நம்ம வேலையும் போச்சுன்னு மெக்கானிக்கக் கூப்பிட ஓடுறாரு. மெக்கானிக் கம்பிய விட்டு நெம்பின பிறகு, வேர்த்து விறுவிறுத்து வெளிய வந்தாரு உறுப்பினர்.

"எந்த ஊர்க்காரன்யா இதச் செஞ்சான்?"

"சும்மா மாதிரிக்குத்தாண்ணே... பக்கத்துத் தொகுதியில..."

"அதானே பாத்தேன்! ஒரு கதவு செய்யத் துப்பில்ல, அவன்கிட்ட சீட்டு வேற செய்யக் குடுத்திருக்கீங்க! எங்க ஆளுங்க செஞ்சா சுண்டு விரல்ல தொறக்கும்யா. கதவு எங்களுக்குத்தான். ஓட்டு உங்களுக்குத்தான்!"

பங்காளிக்குக் கண்ணே கலங்கிடுச்சு. பட்டறையே விசில் அடிச்சுது! அந்தச் சத்தம் அடங்கல, பாக்கெட்ல போன் அடிக்குது. பக்கத்துத் தொகுதி உறுப்பினர். அவரு ஊர்க் கதவத் திட்டினத அதுக்குள்ள யாரோ பத்த வச்சிட்டாங்க. அவரு ஓட்டும் வேணுமே!

"எடுங்கண்ணே"ன்னான் மெக்கானிக்.

பங்காளி போனை அவன் கையில திணிச்சாரு. நேரா கழிவறைக்குள்ள போயி, கதவ நல்லா இழுத்துச் சாத்தினாரு. தாழ்ப்பாள் 'கடக்'குன்னுச்சு.

உள்ள இருந்து ஒரு தட்டல்கூட வரல.